கழற்ற முடியாத கரியர்

“ஆடே, கேட்டியா? ஆரோ பெத்த புள்ள வந்து என்ட புருசன் ஒட்டின கரியருக்கு சுத்தியலால அடிக்குது. அடிக்கட்டும், அடிக்கட்டும். நாளைக்கு என்ட மண்டைக்கும் அடிக்கும்!”

அன்னப்பூரணி இதைச் சொன்னது வேலியோரம் கட்டியிருந்த ஆட்டிடம். சத்தமோ வெள்ளாவெளிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

“சைக்கிளே, நீயே சொல்லு. கரியரோட றேஸ் ஓடின ஒருத்தன எங்கயாவது கண்டிருக்கியா?”

இது வினாயகமூர்த்தி, அவளுடைய மருமகன். முற்றத்தில் கவிழ்த்துப் போட்ட சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கையில் சுத்தியலோடு, அதன் பின்சில்லைப் பார்த்துக் கேட்டான்.

“றேஸாம் றேஸ்! ஆடே, மலையில இருந்து உருளுறதுக்கு இப்ப அப்பிடியும் ஒரு பேரா?”

“சைக்கிளே, வெண்டா புதுச் சைக்கிள் ஒண்டு வருமெண்டு சில ஆக்களுக்கு விளங்கல்ல.”

“தோத்தா இரிக்கிற சைக்கிளும் போயிருமெண்டு சில ஆக்களுக்கு விளங்கல்ல ஆடே! சைக்கிள் போனா பரவால்ல. ஓடினவரும் போனா என்ட புள்ளைக்கு ஆர் பதில் சொல்லுற?”

இரண்டு பேருக்கும் நடுவில் இராசாத்தி நின்றாள். ஒருத்திக்கு மூத்த மகள், ஒருவனுக்குப் பெண்சாதி. அரிசிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். ஆடு பலாவிலை தின்றது. சைக்கிள் சும்மா கிடந்தது. அந்தச் சண்டையில் மரியாதையாக நடந்துகொண்டவை அவை இரண்டும்தான் என்று அடுத்த வளவில் இன்றைக்கும் சொல்வார்கள்.

வீட்டில் யாருக்கும் புத்தி பிசகியிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். வந்தவனும் பெண்ணின் தாயும் முகத்துக்கு முகம் பேசுவதில்லை, அது மரியாதை. மற்ற வீடுகளில் மகளை நடுவில் வைத்து, ‘அவருக்குச் சோறு போடு’, ‘மாமியிட்டக் கேள்’ என்று காரியம் நடக்கும். அன்னப்பூரணிக்கு அந்தச் சுற்றுவழி பொறுக்காது. மருமகன் வந்த வருடமே ஆட்டைப் பிடித்துக்கொண்டாள். வினாயகமூர்த்தி கொஞ்ச நாள் வாயைக் கட்டி இருந்து பார்த்தான். பிறகு அவனும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டான். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு சொல்கூட ஒருவருக்கொருவர் சொல்லாமல் இரண்டு பேரும் இத்தனை சண்டை போட்ட கெட்டித்தனத்தை மெச்சத்தான் வேண்டும். இடையில் ஆடுகள் மாறின. சைக்கிள் மாறவில்லை.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது. அது அன்னப்பூரணியின் புருசன் வேலப்போடி விறகு ஏற்றவென்று வாங்கியது. முன்சில்லைப் பிடித்திருக்கும் கவையோடு கட்டிடக் கம்பி வைத்து ஒட்டி, பின்சில்லுக்கு மேல் கடைக்காரன் தந்த கரியரைக் கழற்றி எறிந்துவிட்டு, மாட்டுவண்டிக்குப் பூட்டினாலும் தாங்கக்கூடிய ஒரு இரும்புக் கரியரை வாழைச்சேனையில் தெரிந்த வெல்டிங் ஒட்டுக்காரனிடம் கொண்டுபோய் ஒட்டுவித்து வந்தார். மணி கிடையாது, சேறு மறைக்கிற தகடு கிடையாது. தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில், தொட்டில்கல் மலைக்கு விறகுக்குப் போன வேலப்போடி திரும்பி வரவில்லை. சைக்கிள் வந்தது. யாரோ உருட்டிவந்து படலையில் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். யாரென்று அன்னப்பூரணி கேட்கவில்லை; அந்த நாளில் யாரும் எதையும் கேட்பதில்லை.

வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போகிற ஊர் இது. சைக்கிளும் அப்படியே இராசாத்திக்குச் சீதனமாகப் போனது. அதில்தான் வினாயகமூர்த்தி அதே மலைக்குப் போனான், ஆளுயரத்துக்கு விறகு கட்டினான், கல்லுப் பாதையில் இறங்கினான், பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடியில் விற்றான். பாலத்தடியில் ஆமிக்காரன் ‘அவிழ்’ என்பான். கட்டை முழுக்க அவிழ்த்துக் காட்டி, மறுபடி கட்ட வேண்டும். நாளும் பொழுதும் அவிழ்த்துக் கட்டியதில் அவன் கை கயிற்றோடு பேசக் கற்றுக்கொண்டது. அந்த வீட்டு அடுப்பு எரிந்ததெல்லாம் அந்தக் கையாலும் அந்தக் கரியராலும்தான்.

போர்நிறுத்தம் வந்து இரண்டாவது சித்திரையில் சிக்கல் தொடங்கியது. அன்னப்பூரணியின் இளையவள் கண்ணகைக்குப் பாலையடிவட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை அழகரத்தினம். பெயரிலுள்ள அழகு முழுவதையும் மீசைக்குக் கொடுத்துவிட்டிருந்தான். சீதனத்துக்கு வீடு சரி, வயல்வட்டையில் ஒரு துண்டு சரி என்ற அவன் தாய் தெய்வமணி, எழும்பிப் போகிற நேரத்தில் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு, “பொடியனுக்கு ஒரு சைக்கிளும் தந்தாக் காணும், வேற வேணாம்” என்றாள்.

இருந்தது ஒரு சைக்கிள். புதிது வாங்க வழியில்லை. அன்னப்பூரணி இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் ஆட்டிடம் தீர்ப்புச் சொன்னாள்: “மூத்தவள் வெச்சிருந்தது காணும். இனி சைக்கிள் இளையவளுக்கு.”

“சைக்கிளே,” என்றான் வினாயகமூர்த்தி, குரல் இறங்கி, “அப்ப நான் விறகத் தலையிலயா கொண்டாற?”

அன்னப்பூரணி ஆட்டுக்குப் பலாவிலை ஒடிக்கப் போய்விட்டாள்.

இந்த நேரத்தில்தான் ஒரு வெள்ளைக்காரர் தன் நாட்டுக்குத் திரும்பப் புறப்பட்டார். குழாய்க்கிணறு கட்டித் தந்த தொண்டு நிறுவனத்தில் இருந்தவர். மலையில் ஓடுவதற்கென்றே செய்த சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். தடித்த ரயர், முன்னால் சுருள் வில்லு, கைப்பிடியில் கியர். மலைச் சைக்கிளை அவர் வயல் வரப்பில் ஓட்டிக்கொண்டு திரிந்தார். எங்கள் ஆட்கள் வயலுக்குப் போகிற சைக்கிளை மலையில் ஓட்டினார்கள். இதைக் கண்டு சிரித்த ஒரே ஆள் அவர்தான். தன் நாட்டில் மலையுச்சியிலிருந்து மணிக்கணக்காகச் சைக்கிளில் இறங்குகிற போட்டி நடக்கும் என்றும், கைகால் முறிந்தவர்களும் அடுத்த வருடம் கட்டோடு வந்து நிற்பார்கள் என்றும் சொன்னார். விளையாட்டுக் கழகத் தலைவர் வல்லிபுரத்துக்கு அதுவே போதுமாயிருந்தது. வழுக்கு மரம், தலையணைச் சண்டை எல்லாம் பழசாகிவிட்டது என்று சொல்லி, சித்திரை விளையாட்டு விழாவில் தொட்டில்கல் இறக்கச் சைக்கிள் ஓட்டத்தைச் சேர்த்தார். மலையேறி, விறகுப் பாதையால் இறங்கி, அடிவாரத்துக் குளக்கட்டைச் சுற்றி, மறுபடி ஏற வேண்டும். அப்படி மூன்று சுற்று. முதலாவது வருகிறவனுக்கு வெள்ளைக்காரரின் மலைச் சைக்கிள்.

வினாயகமூர்த்தி அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டு வந்தான். புதியதை வென்று கண்ணகைக்குக் கொடுத்தால் பழையது தன்னிடம் நிற்கும் என்பது அவன் கணக்கு. வந்த கையோடு பாரம் குறைக்கவென்று கரியரைக் கழற்ற உட்கார்ந்தான். சண்டை அதில்தான் மூண்டது. சுத்தியல் உடைந்தது, கரியர் அசையவில்லை. செத்தும் வேலப்போடி தன் பெண்சாதியின் பக்கம் நின்றார் என்று ஊர் சிரித்தது.

அன்னப்பூரணிக்கு உண்மையில் சொல்ல வேண்டியிருந்தது வேறு. புருசனோடு அவளும் விறகுக்குப் போனவள். பாரம் இல்லாத விறகுச் சைக்கிள் கல்லில் நில்லாது, துள்ளும். பாரம் இருந்தால்தான் சில்லு நிலத்தைப் பிடிக்கும். மருமகன் ஒருநாளும் வெறும் சைக்கிளில் அந்தப் பாதையால் இறங்கியதில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் அதை ஆட்டிடம் சொல்லும்போது, “பாரம் சுமக்கப் பிறந்ததுகள் பாரத்தோட இரிக்கணும் ஆடே” என்றுதான் வாயில் வந்தது. வினாயகமூர்த்தி அதைக் கேட்டுவிட்டுச் சோறு தின்னாமல் எழும்பிப் போனான். இத்தனை காலம் ஆட்டிடம் சொன்னதெல்லாம் ஏச்சாக இருந்தால், ஒருநாள் சொல்கிற புத்தியும் ஏச்சாகத்தான் கேட்கும்.

விழா அன்று அன்னப்பூரணி மலைக்குப் போனாள், ஆட்டையும் இழுத்துக்கொண்டு.

“மாமி, ஆடும் றேஸ் ஓடுதோ?” என்று கேட்டான் ஒரு பொடியன்.

“மேய்க்கப் போறன் கா. மலை என்ன உன்ட கொப்பன்ட சீதனமா?”

மேய்க்கவாவது! ஆடு இல்லாமல் போனால் அங்கே யாரிடம் பேசுவது? பாதி மலையில், பாதை சட்டென்று திரும்புகிற இடத்தில் ஒரு சப்பட்டைக் கல் இருக்கிறது. அதற்குக் கீழேதான் இறக்கம் கூரையைப் போலச் செங்குத்தாகப் போகும். அங்கே ஒரு பாலை மர நிழலில் போய் உட்கார்ந்தாள். விறகுக்காரர்கள் தறித்துவிட்டுப் போன கட்டைகள் சுற்றிலும் கிடந்தன. வேலப்போடியும் இங்கேதான் இளைப்பாறுவார். அவள் அந்தப் பக்கம் வந்து பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது.

கீழே வெடி கொளுத்தினார்கள். இருபது பேருக்கு மேல் புறப்பட்டார்கள். மேலே வந்தபோதே பாதிப் பேருக்கு முகத்தில் இரத்தமில்லை. சித்திரை வெயிலில் கல் அடுப்புச் சட்டியாகக் கொதித்தது. ஓட முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அழகரத்தினம் முன்னுக்கு வந்தான், கடன் வாங்கிய மெல்லிய றேஸ் சைக்கிளில், மீசைக்கு எண்ணெய் பூசி. வருங்கால மாமியைக் கண்டதும் தலையைக் குனிந்து வணக்கம் வைத்தான். வினாயகமூர்த்தி எட்டாவதோ ஒன்பதாவதோ. அவன் மாமியைக் காணவில்லை, ஆட்டைத்தான் கண்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“விறகு எங்க மச்சான், மறந்துட்டு வந்துட்டியா?” என்று பின்னால் வந்தவன் கரியரைக் காட்டிக் கேட்டான்.

உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கினார்கள். இறங்குவது சுகம் என்று நினைத்தவர்களுக்கு அன்றைக்குப் பாடம் கிடைத்தது. ஏறும்போது தொடையும் மூச்சும்தான் நோகும்; இறங்கும்போது நோகாத இடம் இல்லை. இருக்கையில் இருக்க முடியாது. முழங்காலை மடித்து, பெடலில் எழும்பி நின்றபடியே வர வேண்டும். கல்லுக்குக் கல் விழுகிற ஒவ்வொரு குத்தும் கைப்பிடியால் ஏறி, மணிக்கட்டு, முழங்கை, தோள், கடைசியில் பல் வரைக்கும் போகும். விரல் இரண்டு பிரேக்கில் கவ்வியபடியே இருக்க வேண்டும். விட்டால் ஆள் குளத்தில்.

வினாயகமூர்த்தியின் சைக்கிள் சொன்னபடி கேட்கவில்லை. பாரத்தோடு வந்தால் யானை மாதிரி இறங்கும் சைக்கிள், வெறுங்கரியரோடு கன்றுக்குட்டியாகத் துள்ளியது. சப்பட்டைக் கல்லின் திருப்பத்தில் பின்சில்லு எழும்பி, அவனையும் தூக்கிக்கொண்டு முட்செடிக்குள் போனது.

அன்னப்பூரணி எழும்பிவிட்டாள். ஆட்டின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இரண்டு அடி முன்னால் வைத்தாள்.

முள்ளுக்குள்ளிருந்து அவன் வந்தான். முழங்கையிலிருந்து இரத்தம் வடிந்தது. அதைப் பார்க்கவில்லை. முதலில் முன்சில்லைச் சுற்றிப் பார்த்தான், பிறகு கவையைத் தடவினான், பிறகு கரியரைப் பிடித்து ஒருதரம் ஆட்டிப் பார்த்தான். எல்லாம் சரியென்று கண்டபிறகுதான் தன் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனான்.

“ஆடே,” என்றாள் அன்னப்பூரணி மெதுவாக, “சைக்கிளத்தான் முதல்ல பாத்தார், கண்டியா?”

ஆடு கண்டிருக்கும். அவள் அதைச் சொன்ன குரலை அதுவும் முன்பு கேட்டதில்லை.

இரண்டாம் சுற்றில் ஆட்கள் உதிரத் தொடங்கினார்கள். ஒருவனுக்குக் கெண்டைக்கால் பிடித்து, குப்புறக் கிடந்து அம்மாவைக் கூப்பிட்டான். ஒருவன் ஓரமாகப் போய்ச் சத்தியெடுத்தான். சூட்டில் இரண்டு மூன்று ரியூப்கள் வெடித்தன. பிரேக் கட்டை எரிந்த மணம் மலை முழுக்க அடித்தது. வினாயகமூர்த்தி மட்டும் முன்னுக்கு வந்துகொண்டிருந்தான். இறங்குவதில் அல்ல, ஏறுவதில். விறகுச் சைக்கிளைத் தள்ளியவனுக்கு வெறும் சைக்கிளைத் தள்ளுவது பூக்கூடை கொண்டு போவது மாதிரி. மற்றவர்கள் நின்று மூச்சு வாங்கிய இடங்களில் அவன் நிற்கவில்லை. உதடு வெடித்து, கண் உள்ளுக்குப் போய், நெஞ்செலும்பு எண்ணக்கூடியதாகத் தெரிந்தது. கால் மட்டும் நெல்லு மிதிக்கிற மாட்டின் கால்போல ஒரே நடையில் போனது. இத்தனை வருடமாகச் சோறு தின்கிற அந்த ஆளை அன்னப்பூரணி அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தாள். மரியாதை மரியாதை என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு திரிந்தால் எப்படித் தெரியும்?

மூன்றாம் சுற்றில் மலையில் மிஞ்சியது ஐந்தாறு பேர். களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் முதலில் இறங்கிக் கடந்தான். அவன் பின்னால் இன்னொருவன். மூன்றாவதாக அழகரத்தினம் வந்தான். வந்தான் என்பதைவிட விழுந்தான் என்பது பொருத்தம். மெல்லிய றிம் சப்பட்டைக் கல்லில் அடித்து அப்பளமாக மடிந்தது. ஆள் சைக்கிளுக்கு மேலால் பறந்து, அன்னப்பூரணியின் காலடியில் வந்து விழுந்தான். வலது கணுக்கால் ஒரு பக்கம் கிறுகித் திரும்பியிருந்தது.

“மாமி,” என்று முனகினான், “நான் செத்துப் போறன் மாமி.”

“கல்யாணம் முடியட்டும் கா,” என்றாள் அன்னப்பூரணி.

அப்போது வினாயகமூர்த்தி வந்தான். கீழே கிடந்தவனைக் கண்டு சைக்கிளை நிறுத்தினான். பிரேக் கட்டைகள் எப்போதோ எரிந்து போயிருந்தன. செருப்பை முன்ரயரில் வைத்து அழுத்தித்தான் நின்றான். செருப்பு தேய்ந்து பாதம் தெரிந்தது. அன்னப்பூரணி அவன் கைகளைப் பார்த்தாள். கைப்பிடியை விட்டுவிட்டான், விரல்கள் மட்டும் இன்னும் அதைப் பிடித்திருப்பதுபோல மடிந்தே இருந்தன. கீழே கூரை மாதிரி இறக்கம். இந்தக் கையோடு, இந்தத் துள்ளலோடு, பிரேக்கும் இல்லாமல் இறங்கினால் சைக்கிளும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டான். இந்த மலை அவளிடம் ஒரு ஆளை ஏற்கெனவே வாங்கிக்கொண்டது.

“ஆடே,” என்று தொடங்கினாள், “பாரமில்லாத சைக்கிள்…”

வினாயகமூர்த்தியின் முகம் சுருங்கியது. ஏச்சு வருகிறது என்று நினைத்து, ஏறிப் போகக் காலைத் தூக்கினான்.

“மனே!”

பாலை மரத்தில் இருந்த காகம் பறந்தது. அழகரத்தினம் முனகலை நிறுத்தினான். வினாயகமூர்த்தி ஆட்டைப் பார்த்தான், ஆடுதான் தன்னை ‘மகனே’ என்று கூப்பிட்டதோ என்று.

“உன்னத்தான் மனே. பாரத்த ஏத்து. உன்ட கை பாரத்துக்குப் பழகின கை, வெறுஞ் சைக்கிள் உன்னக் கொண்டு போயிரும். இவர ஏத்திக் கட்டு. பின்னால கட்டையொண்டக் கட்டி பிரேக்குக்கு இழு, விறகோட இறங்குற மாதிரி. கெதியா!”

“ஐயோ என்னையா?” என்றான் அழகரத்தினம்.

வினாயகமூர்த்தி மாமியின் முகத்தைப் பார்த்தான். கல்யாணம் கட்டிய பிறகு முதல் தடவையாக நேருக்கு நேராகப் பார்த்தான். பிறகு, “கயிறு ஒண்டுதான் இரிக்கு மாமி” என்றான். அவனும் சைக்கிளிடம் சொல்ல மறந்துபோனான்.

அன்னப்பூரணி ஆட்டின் கழுத்துக் கயிற்றை உருவினாள். ஆடு ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போனது. வருங்கால மருமகனை இரண்டு பேருமாகத் தூக்கிக் கரியரில் வைத்தார்கள். மடிந்த விரலால் முடிச்சுப் போட முடியாது. வினாயகமூர்த்தி பல்லாலும் மணிக்கட்டாலும் கட்டினான். பாலத்தடியில் ஆமிக்காரன் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கட்டிய கை. கண் மூடித் திறப்பதற்குள் அழகரத்தினம் விறகாகிவிட்டான். அவள் ஒரு பாலைக் கட்டையை உருட்டிவந்து கரியரின் பின்னால் கயிறு போட்டாள்.

“கண்ண மூடிக்கொள்ளு தம்பி,” என்றான் வினாயகமூர்த்தி பின்னால் திரும்பாமல்.

“எப்பவோ மூடிட்டன் அண்ணன்.”

சைக்கிள் விளிம்பைத் தாண்டியது. அன்னப்பூரணி சப்பட்டைக் கல்லின் நுனியில் வந்து நின்று பார்த்தாள்.

துள்ளவில்லை. பாரம் ஏறியதும் சைக்கிளுக்குத் தன் நினைவு வந்துவிட்டது. கட்டை பின்னால் கல்லை உரசி, புழுதி பறக்க, ‘கர்ர்ர்’ என்று இழுபட்டது. வினாயகமூர்த்தியின் தோள் இறங்கி, முதுகு வளைந்து, இடுப்பு இருக்கைக்குப் பின்னால் போய், வேலப்போடி இறங்குகிற அதே சாயலில் இறங்கினான். மற்றவர்கள் சுற்றிப் போன பாறையை அவன் நேரே தாண்டினான். இரண்டு ஆள் பாரமும் ஒரே குத்தாக விழுந்தது. கவை முறியவில்லை, கை விடவில்லை. அழகரத்தினம் போட்ட சத்தம் மட்டும் குளத்துக்கு அங்கால் வயலில் நின்ற கொக்குகளை எழுப்பியது.

“மெதுவா மனே!” என்று கத்தினாள். கத்திய பிறகுதான் பக்கத்தில் ஆடு இல்லாதது நினைவு வந்தது.

குளக்கட்டில் இரண்டாவதாகப் போனவன் ரியூப் வெடித்து உருட்டிக்கொண்டு போனான். அவனைத் தாண்டி, கழுத்தில் சுருக்குக் கயிறு விழுந்த மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டு, சகலனாகப் போகிறவனையும் பாலைக் கட்டையையும் இழுத்தபடி வினாயகமூர்த்தி முடிவுக் கோட்டுக்கு வந்தான். பச்சைச் சட்டைக்காரன் முன்னமே வந்து மலைச் சைக்கிளைத் தடவிக்கொண்டு நின்றான். ஆனால் ஊர் அவனைப் பார்க்கவில்லை. குளக்கட்டோரத்து மைதானம் முழுவதும் எழும்பி நின்றது. சைக்கிளில் இரண்டு பேர் வரலாமா என்று ஒருவன் கேட்டதற்கு, “ஆள் ஏத்தக் கூடாதெண்டு நாம சொல்லல்லயே, கட்டை இழுக்கக் கூடாதெண்டும் சொல்லல்ல,” என்று வல்லிபுரம் அவன் வாயை அடைத்தார். வெள்ளைக்காரர் கைதட்டினார், தலையைச் சொறிந்தார், மறுபடி கைதட்டினார்.

வினாயகமூர்த்தியால் இறங்க முடியவில்லை. முழங்கால் நீட்டுப்படவில்லை. இராசாத்தி ஓடிவந்து, கைப்பிடியிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்கக் கை வரவில்லை. அவளே வாயில் ஊற்றினாள், ஊர் பார்க்கிறதே என்ற வெட்கம் இல்லாமல். உள்ளங்கைத் தோல் கைப்பிடியில் ஒட்டியிருந்தது. மூன்று நாள் அவனுக்கு அவள்தான் சோறு ஊட்டினாள் என்பது அடுத்த வளவில் கண்ணால் கண்ட செய்தி.

அழகரத்தினத்தை அவிழ்த்து இறக்கினார்கள். தெய்வமணி மகனைக் கட்டிப்பிடித்து அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு கண்ணைத் துடைத்த கையோடு சைக்கிளைப் பார்த்தாள். “நல்ல உரமான சைக்கிள்தான்,” என்றாள், அந்த நேரத்திலும்.

அப்போதுதான் மலையிலிருந்து அன்னப்பூரணி இறங்கி வந்து சேர்ந்தாள். வேர்வையில் சீலை ஒட்டியிருந்தது. தெய்வமணியின் பார்வை எங்கே என்று கண்டாள். பேச ஆடும் இல்லை. சைக்கிள் போய்விட்டது என்றுதான் நினைத்தாள்.

“உம்மா,” என்றான் அழகரத்தினம், படுத்தபடியே, அதுவரைக்கும் அம்மா என்றுதான் அழைத்தவன். பயத்தில் முஸ்லிம் கூட்டாளி வீட்டுச் சொல் வந்துவிட்டது. “எனக்குச் சைக்கிள் வேணாம்.”

“என்ன மனே சொல்லுறாய்?”

“கல்யாணம் வேணும். சைக்கிள் வேணாம். அத என்ட கண்ணுலயும் காட்டவேணாம். செத்தாலும் அதுல ஏற மாட்டன்!”

உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி அது என்று பெரியவர்கள் புகழ்ந்தார்கள். பக்கத்தில் நின்றவர்களுக்கு, அவன் பல் அடித்துக்கொண்ட சத்தமும் கேட்டது. எதுவானால் என்ன, சைக்கிள் இராசாத்தியின் முற்றத்தில் நின்றது. வினாயகமூர்த்திக்கு இரண்டாம் பரிசாக ஒரு சுவர் மணிக்கூடு கிடைத்தது. அது இன்றுவரைக்கும் சரியான நேரம் காட்டியதில்லை.

ஆடு அவர்களுக்கு முன்னமே வீட்டுக்கு வந்து படலையில் நின்றது. மறுநாள் காலை அன்னப்பூரணி அதைக் கட்டினாள். வினாயகமூர்த்தி கட்டுப்போட்ட கையோடு சைக்கிளுக்குப் பக்கத்தில் இருந்தான். ஊர் வேலியில் காது வைத்தது.

“ஆடே,” என்றாள், “கைக்கு நல்லெண்ணெய் காய்ச்சி வெச்சிரிக்கன், ஆறுறதுக்குள்ள பூசச் சொல்லு.”

“சைக்கிளே, பூசுறன் எண்டு சொல்லு,” என்றான் அவன்.

ஆவணியில் கண்ணகைக்கும் அழகரத்தினத்துக்கும் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை லேசாக நொண்டிக்கொண்டு வந்தான். மீசை மட்டும் பழையபடி. பச்சைச் சட்டைக்காரன் அடுத்த வருடம் கட்டாருக்குப் போனான். மலைச் சைக்கிள் அவனுடைய தங்கச்சியின் சீதனத்தில் போனதாகக் கேள்வி. வல்லிபுரம் மகளோடு மட்டக்களப்புக்குக் குடிபோனார்.

மறுபடி ஷெல் விழத் தொடங்கி, வெள்ளாவெளியே எழும்பி ஓடிய மாதத்தில், பட்டிருப்புப் பாலத்தை அன்னப்பூரணி கடந்தது அந்தக் கரியரில் இருந்துகொண்டுதான், மடியில் ஆட்டோடு. வழி முழுக்க ஆட்டிடம், “ஆடே, பள்ளம் பாத்துப் போகச் சொல்லு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இராசாத்தி பக்கத்தில் நடந்தாள். அடங்கிய பிறகு அவர்கள் மூன்று பேரும் திரும்பி வந்து அதே வளவில் இருக்கிறார்கள். அழகரத்தினம் மட்டும் கண்ணகையைக் கூட்டிக்கொண்டு மாங்கேணிக்குப் போய், கடலோரத்தில் தமையனோடு மீன்பிடித் தொழில் செய்து அங்கேயே தங்கிவிட்டான். பெண் புருசன் பின்னால் போய் இருக்கிறதா என்று ஊர் மூக்கில் விரல் வைத்தது. கோயில் சடங்குக்கு வருடா வருடம் வருவார்கள். சந்தியில் பஸ்ஸால் இறங்கும்போது வினாயகமூர்த்தி சைக்கிளோடு நிற்பான். “ஏறு சகலன்,” என்பான். கண்ணகை பிள்ளைகளோடு ஏறிக்கொள்வாள். அழகரத்தினம் நடந்துதான் வருவான்.